களிமண்ணில் பிறந்த பெட்ரோல்

ஒரு பிடி களிமண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? பானை வனையலாம். பொம்மை பிடிக்கலாம். யூஜின் ஹூட்ரி என்பவர் அதைக்கொண்டு பெட்ரோல் எடுத்தார்!

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

டாங்கிப் படை வீரர்

1892-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந்தேதி, பிரான்சு நாட்டில் பாரிசுக்கு அருகே உள்ள டோமோன் என்ற ஊரில் ஹூட்ரி பிறந்தார். தந்தை உருக்குத் தொழில் நடத்திய செல்வர். மகன் இன்ஜினீயரிங் படித்து, 1911-ல் முதல் மாணவராகத் தேறினார். கால்பந்து ஆட்டத்திலும் அவர் கெட்டிக்காரர்.

முதல் உலக யுத்தம் மூண்டது. ஹூட்ரி டாங்கிப் படையில் சேர்ந்தார். 1917-ல் குண்டு மழைக்கு நடுவே, பழுதான டாங்கிகளைச் சீர்செய்ய ஏற்பாடு செய்தார். அப்போது படுகாயம் அடைந்தார். அரசாங்கம் அவருக்கு வீரப் பதக்கம் வழங்கியது.

யுத்தம் முடிந்ததும் மோட்டார் பந்தயத்தில் ஆசை பிறந்தது. வேகமாக ஓட நல்ல பெட்ரோல் வேண்டும். பிரான்சிலோ எண்ணெய் வளம் குறைவு. பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க அவர் முயன்றார். 1929-ல் ஓர் ஆலையும் எழுந்தது. ஆனால் செலவு கட்டுப்படி ஆகவில்லை. அதே ஆண்டில் ஆலையை மூட நேர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹூட்ரி உட்காரவில்லை. அவர் கையில் இன்னொரு வழி இருந்தது.

அடிப்பிடித்த பானை

பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் ஓரளவுதான் பெட்ரோல் கிடைக்கும். மீதி கனத்த எண்ணெய். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலி போன்றவை. அவற்றைத் துண்டு துண்டாக உடைத்தால் அதுவும் பெட்ரோல் ஆகிவிடும். அதுவரை பெரும்பாலும் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும்தான் உடைத்து வந்தார்கள்.

சிலிக்காவும் அலுமினாவும் கலந்த ஒருவகைக் களிமண்ணின் மேல் எண்ணெய் ஆவியைச் செலுத்தினால் சங்கிலிகள் எளிதில் உடைவதை ஹூட்ரி கண்டார். நல்ல தரமான பெட்ரோலும் கிடைத்தது. தான் அழியாமல் மற்றதை மாற்றும் இத்தகைய பொருளுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர்.

ஆனால் ஒரு தொல்லை. சிறிது நேரத்தில் களிமண் மேல் கரி படிந்துவிடும். அடிப்பிடித்த பானையில் மறுபடி சமைக்க முடியுமா? வேலை நின்றுபோகும்.

ஹூட்ரி காற்றைச் செலுத்தி அந்தக் கரியை எரித்தார். களிமண் புத்துயிர் பெற்றது. எரிந்த சூடும் வீண்போகவில்லை. அதையே எண்ணெயை உடைக்கப் பயன்படுத்தினார்!

பறிபோன குடியுரிமை

1930-ல் ஹூட்ரி அமெரிக்கா சென்றார். 1937-ல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக் நகரில், தினம் 15,000 பீப்பாய் எண்ணெயை உடைக்கும் ஆலை இயங்கியது. அதில் ஏறக்குறையப் பாதி உயர்ரக பெட்ரோலாக மாறியது. பழைய முறையில் கிடைத்ததோ கால் பங்குதான்.

இரண்டாவது உலக யுத்தத்தில் நேசநாட்டு விமானங்களுக்கு உயர்ரக பெட்ரோல் தர இம்முறை பெரிதும் உதவியது.

ஜெர்மனியிடம் பிரான்சு வீழ்ந்தபோது, ஹூட்ரி அமெரிக்காவிலிருந்தபடி விடுதலைப் போராட்டத்தை ஆதரித்தார். ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசாங்கம் 1941-ல் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. எந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தினாரோ, அந்த நாட்டின் பெயரால் வந்த தண்டனை! 1942-ல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

புகைக்கும் மருந்து

பெட்ரோலைப் பெருக்கியவரே அதன் புகையைக் கண்டு கவலைப்பட்டார். கார் கக்கும் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் ஒரு கருவியை உருவாக்கினார். 1956-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது கருவியைக் கெடுத்துவிட்டது.

1962-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி, தமது 70-வது வயதில் ஹூட்ரி காலமானார்.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பிளாங்க், ரோசின்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் களிமண்ணின் இடத்தில் ஜியோலைட் என்ற பொருளைக் கொண்டுவந்தனர். தேன்கூடு போல நுண்ணிய துளைகள் நிறைந்தது அது. நீராவியில் பதப்படுத்தி அதை உறுதியாக்குகிறார்கள். இன்றைய எண்ணெய் ஆலைகளில் வேலை செய்வது அதுதான்.

ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 1975 முதல் அமெரிக்கக் கார்களிலும், 1995 முதல் சென்னை உள்ளிட்ட நம் பெருநகரங்களின் புதிய கார்களிலும் புகை வடிக்கும் கருவி இடம் பெற்றது. தம் கனவு பலித்ததைக் காண ஹூட்ரிதான் இல்லை.