குருவிக்குப் பின்னால் நடந்தவர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். காந்தி, காமராஜர், அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் பறவை மனிதர் சலீம் அலியை எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு நெசவாளியைப் பற்றி அவர் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்திருக்கிறார். தறி இல்லாத, நாடா இல்லாத, கை கூட இல்லாத நெசவாளி! யார் என்று நடுவில் சொல்கிறேன். அதுவரை யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு குருவியில் ஆரம்பித்தது

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் (இப்போது மும்பை) பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மாவும் இறந்துவிட்டார். மாமா அமிருதீன் தியாப்ஜிதான் எடுத்து வளர்த்தார்.

அந்த மாமா ஒரு சின்ன காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பையன்களுக்குக் குருவி சுடுவது ஒரு விளையாட்டு. பத்து வயது சலீமும் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு! சாதாரணக் குருவிக்கு அப்படி இருக்காதே? இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மாமாவிடம் கொண்டு போனான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் அனுப்பி வைத்தார்.

மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இத்தனை வகைப் பறவைகளா என்று அந்தப் பையன் மலைத்துப்போனான். ஒரு பெரியவர் ஒரு சின்னப் பையனின் கேள்வியை மதித்ததால் நம் நாட்டுக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார். (ஆசிரியர்களே, நாங்க கேள்வி கேட்டா கோபப்படாதீங்க!)

பட்டம் வாங்காத விஞ்ஞானி

சலீம் அலி படிப்பில் முதல் மாணவர் இல்லை. அடிக்கடி தலைவலி வந்து பள்ளிக்கூடம் நின்றுபோகும். மெட்ரிக் தேர்வில் எப்படியோ தேறினார். கல்லூரியில் முதல் வருடமே தடுமாறி விட்டுவிட்டார். 1914-இல் பர்மாவுக்குப் போய், தவோய் என்ற இடத்தில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். சுற்றிலும் அடர்ந்த காடு. வியாபாரத்தை விடக் காட்டில் சுற்றுவதுதான் அவருக்குப் பிடித்தது. 1917-இல் திரும்பி வந்தார். அடுத்த வருடம் தஹ்மினா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய பறவை விஞ்ஞானியிடம் பாடம் படித்தார். திரும்பி வந்து பார்த்தால் பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். கையில் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, வேறு வேலையும் கிடைக்கவில்லை. நம்ம வீட்டில் என்றால் என்ன பேச்சு பேசியிருப்பாங்க!

அந்த நெசவாளி யார்?

வேலை போனதால் கணவனும் மனைவியும் பம்பாய்க்குப் பக்கத்தில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே நம்ம நெசவாளி கூட்டமாகக் குடியிருந்தார். ஆமாம், தூக்கணாங்குருவிதான்! மழைக்காலம் முழுக்க சலீம் அலி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அசையாமல் உட்கார்ந்து, எந்தக் குருவி எப்போது வந்தது, என்ன செய்தது என்று நோட்டில் எழுதினார்.

இங்கே கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள், ஏன் என்றால் இது நம்ம தொழில்.

கூடு பின்னுவது ஆண் குருவி. நெல் இலை, கரும்பு இலை, பனை ஓலை இவற்றின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நீளமாக நார் கிழித்து எடுத்து வரும். அதை ஓலை நுனியில் முடிச்சுப் போட்டு, உள்ளே வெளியே என்று அலகால் கோத்துக் கோத்துப் பின்னும். அலகுதான் அதுக்கு நாடா. ஒரு கூட்டுக்கு 500 தடவை வரைக்கும் பறந்து போய் நார் கொண்டு வருமாம். கூடு முடிய சுமார் 18 நாள் ஆகும். எங்க வீட்டுத் தறியில் ஒரு கோர்வைப் புடவை முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகும். எங்க அப்பாவிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அதுக்குக் கூலி யார் கொடுக்கிறாங்க என்று கேட்டார்.

கூலி கொடுப்பது பெண் குருவிதான்! கூடு பாதி முடிந்து ஹெல்மெட் மாதிரி தொங்கும்போது பெண் குருவிகள் வரும். ஆண் குருவி இறக்கையை அடித்துக்கொண்டு கூவிக் கூப்பிடும். முதலாளி புடவையை விரித்து, கரையைத் தடவி, மடிப்பைப் பிரித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி பெண் குருவி உள்ளே புகுந்து சோதனை போடும். பிடிக்கவில்லை என்றால் பறந்து போய்விடும். பிடித்துவிட்டால் அந்தக் கூட்டில் தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஆண் குருவி கீழ்ப்பக்கம் குழாய் மாதிரி வாசல் பின்னிக் கூட்டை முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது, ஆண் குருவி அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைக் கூப்பிடும். ஒரு பருவத்தில் இப்படிப் பல கூடுகள்! மரத்தில் பாதியிலேயே நிற்கும் கூடுகள் ஏன் இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா? வேலை போன ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதியதுதான் இந்தக் குடும்ப ரகசியம். அதன் பிறகுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது.

காடு, மலை, பாலைவனம்

அடுத்து அவர் ஒரு யோசனை செய்தார். அந்தக் காலத்தில் நாட்டின் பல சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று சரியான கணக்கு இல்லை. தனக்குச் சம்பளம் வேண்டாம், வழிச்செலவு மட்டும் கொடுங்கள், நான் நடந்து பார்த்து எழுதித் தருகிறேன் என்று கேட்டார். 1931-இல் ஹைதராபாத், 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி என்று பயணம் தொடங்கியது. இப்போது நம் தமிழ்நாட்டில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது.

காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பறவைகள் அதிகம் சத்தம் போடுவதும் இரை தேடுவதும் விடியற்காலையில்தான். அதனால் இருட்டிலேயே எழுந்து நடக்க வேண்டும். 1945-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், இமயமலையைத் தாண்டி கைலாயம், மானசரோவர் வரைக்கும் நடந்து போனார். எல்லாரும் சாமி பார்க்கப் போகிற வழியில் இவர் பறவையும் பார்த்துக்கொண்டு போனார். குஜராத்தின் கட்ச் உப்புப் பாலையில் லட்சக்கணக்கான பூநாரைகள் கூடு கட்டும் இடத்துக்கும் போய்ப் பார்த்தார்.

எல்லாப் பயணமும் ஜெயிக்கவில்லை. இமயமலைக் காடை என்று ஒரு பறவை. 1876-க்குப் பிறகு அதை யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. சலீம் அலி தேடிப் போயும் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. ஒரு பறவை தொலைந்துபோனால் எவ்வளவு பெரிய ஆள் தேடினாலும் திரும்ப வராது என்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தஹ்மினா அம்மையார்

இவரைப் பற்றியும் எழுதாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. தஹ்மினா இங்கிலாந்தில் படித்தவர், வசதியாக வளர்ந்தவர். ஆனாலும் கணவரோடு காட்டுக்கு வந்து கூடாரத்தில் தங்கினார். அவர் எழுதுவதைப் படித்துப் பார்த்துத் திருத்த உதவினார். 1939-இல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதன் பிறகு சலீம் அலி தன் அக்கா வீட்டில் தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1941-இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் புத்தகத்தை இன்றும் பறவை பார்க்கிறவர்கள் வைத்திருக்கிறார்கள். பொம்பளப் பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், தோழிகளே, தஹ்மினா பெயரைச் சொல்லுங்கள்.

துப்பாக்கி பற்றி

சலீம் அலி பறவைகளைச் சுட்டாரே, அவர் எப்படிப் பறவைகளின் நண்பர் என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பறவைகளின் இறகை அளந்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் அன்று பிரித்து அறிந்தார்கள். இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஆராய்ச்சிக்காகச் சில பறவைகளை அவர் சுட்டார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் ராஜஸ்தானில் பரத்பூர் ஏரியில் 1938-இல் ஒரே நாளில் விருந்தாளிகள் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அது வெறும் பெருமைக்காக. அந்த இடம் பறவைகளுக்கே சொந்தமாக வேண்டும் என்று பிற்காலத்தில் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சலீம் அலி. இப்போது அது தேசியப் பூங்கா. கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அணைக்கட்டில் மூழ்காமல் காக்கவும் அவர் குரல் கொடுத்தார்.

எழுபது வயதைத் தாண்டி, ரிப்ளி என்ற அமெரிக்கரோடு சேர்ந்து பத்துப் பாகங்கள் கொண்ட பெரிய பறவை நூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண், 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எல்லாம் வந்தன. 1987-இல், 90 வயதில் காலமானார்.

நம்ம பக்கம்

காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத வேடந்தாங்கல் (2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது) உங்களுக்குத் தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகளுக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். சலீம் அலி பிறப்பதற்கு 98 வருடம் முன்னால்! அவர்களும் பட்டம் வாங்கியவர்கள் இல்லை.

ஆனால் இப்போது நம்ம ஏரிக்கரையில் என்ன நடக்கிறது? பனை மரங்கள் சிலவற்றை வெட்டிவிட்டார்கள். அதில் கட்டிய தூக்கணாங்குருவிகள் இப்போது மின்கம்பியில் கூடு கட்டுகின்றன. மிச்சம் இருக்கிற மரத்தில் சில பேர் கல் எறிந்து கூட்டை விழவைத்து, வீட்டு வாசலில் அழகுக்குத் தொங்க விடுகிறார்கள். காலிக் கூடுதானே என்று சொல்கிறார்கள். பாதிக் கூடு காலிக் கூடு இல்லை, அது பெண் குருவி வந்து பார்க்கப் போகிற கூடு. பழைய கூடும் வீண் இல்லை, சொந்தமாக இவ்வளவு நன்றாகக் கட்டத் தெரியாத சில்லைக் குருவிகள் அதில் முட்டையிடும். தறியில் பாதி நெய்த புடவையை ஒருவன் வந்து கத்தரித்துக்கொண்டு போனால் நம்ம வீட்டில் சும்மா இருப்போமா?

நாம் கைலாயத்துக்குப் போக வேண்டாம். சலீம் அலி கிஹிமில் செய்ததை நாம் ஏரிக்கரையில் செய்யலாம். ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். எந்த மரம், எத்தனை கூடு, எது பாதி, எதுக்கு வாசல் வந்துவிட்டது என்று வாரம் ஒரு நாள் எழுதுவோம். ஒன்பதாம் வகுப்பில் நாங்க ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். வர விரும்பும் தம்பி தங்கைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கையில் கல் இருக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

★ தூக்கணாங்குருவி கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை ஒட்டி வைக்கும். அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கு வைக்கும் என்று எங்க ஆயா சொல்வாங்க. காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்கத்தான் அந்தக் களிமண் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

★ சலீம் அலிக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-இல் ஸ்வீடனில் நடந்த பறவை விஞ்ஞானிகள் மாநாட்டுக்கு அதில்தான் போய் இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று சிலர் நம்பிவிட்டார்கள்!

★ கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் அவர் பெயரில் 1990-இல் ஒரு பறவை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி