கானகங் காத்த ஜான் மியூர்

பெரியோர் சரித்திரங்களை நாம் ஆராயுங்கால், முதிர்ந்த வயதில் அவர்கள் செய்த அருஞ்செயல்களுக்கு இளமையிலேயே வித்திடப்பட்டிருத்தலைக் காண்கிறோம். அமெரிக்க நாட்டின் வனங்களும் மலைகளும் அழியாதிருக்க உழைத்த ஜான் மியூர் என்பாரின் வாழ்க்கை இதற்கோர் சான்றாகும்.

இவர் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள், ஸ்காத்லாந்து தேசத்துக் கடற்கரையூராகிய டன்பாரிற் பிறந்தார். மூன்று வயதுக் குழந்தையாய்ப் பாட்டனாரோடு வயல்வெளியில் உலவச் சென்ற ஒரு நாள், வைக்கோற் குவியலொன்றன்மீது இருவரும் அமர்ந்திருந்தனர். உள்ளிருந்து கூரியதோர் ஒலி குழந்தையின் செவிக்கு எட்டியது. பாட்டனார் அதனைக் காற்றின் ஓசையென்றே எண்ணினார். குழந்தை விடாது கிளறிப் பார்க்க, வயலெலியொன்று மயிர் முளையாத தன் குஞ்சுகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தது. எழுபது ஆண்டு கடந்து தம் இளமைச் சரிதையை எழுதிய காலத்தும் அவர் அக்காட்சியை மறந்திலர்.

அவருடைய பிதா பக்தி மிக்கவர். ஆயினும் கண்டிப்பே உருவானவர். வேதவாக்கியங்களை மனப்பாடஞ் செய்யத் தவறினும், அனுமதியின்றி வெளியே திரியினும் அடி தப்பாது. அடிபட்டும் மகனார் திரிவதை விட்டாரில்லை.

1849இல் அக்குடும்பம் விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரையிற் குடியேறியது. வண்டி நின்றதும் நில்லாததுமாய் ஜானும் தம்பியும் குதித்தோடி, மரத்தின்மேல் நீலப்பறவையொன்றின் கூட்டைக் கண்டு களித்தனர். ஆனால் காடு திருத்தும் வேலை கொடிது. பின்னர் வேறொரு பண்ணையிற் கிணறு தோண்டுகையில், பாறையை உளியாற் செதுக்கி ஏறக்குறைய 80 அடி ஆழஞ் சென்றபோது, நச்சுக்காற்றால் மூர்ச்சித்து அவர் சாகும் நிலையை அடைந்தார். அவ்வளவு துன்பத்தினிடையேயும், ஏரிக்கரைப் புல்வெளியில் மலர்ந்த அல்லிகளும் பெரணிகளுமே அவருக்கு ஆறுதலளித்தன.

யௌவனப் பருவத்தில் அவ்விடத்தை விட்டு நீங்க எண்ணியபோது, அப்புல்வெளியைக் கால்நடைகள் மிதியாமல் வேலியிட்டுக் காக்கவேண்டி, அப்பொழுது அப்பண்ணையை வைத்திருந்த மைத்துனரிடம் அதனை விலைக்குக் கேட்டார். வேலி நிலையாதென்று மைத்துனர் இசையவில்லை. பின்னர் மீண்டு வந்து பார்க்கையில் அப்பூந்தரை சேறாய்க் கிடந்தது. இயற்கையைக் காக்க அவர் செய்த முதல் முயற்சி இவ்வாறு தோல்வியில் முடிந்தது.

1868இல் கலிபோர்னியாவை அடைந்து, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற் பல்லாண்டு வாழ்ந்தார். ஆட்டு மந்தைகள் மலைப் புல்வெளிகளை அழிப்பதைக் கண்டு, சிறுவயதுப் புல்வெளிக்கு நேர்ந்த கதி இவற்றிற்கும் நேராதிருக்கக் கட்டுரைகள் வரைந்தார். 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டத்தால் அமைந்தது. 1892இல் சியரா சங்கம் அவர் தலைமையில் தோன்றியது. 1903இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரோடு மூன்றிரவு அக்கானகத்திற் தங்கினார்.

அவரிடத்துக் குறையொன்றையும் நாம் மறைத்தல் தகாது. அம்மலைகளிற் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து, 1851இற் போர்ப்படையால் துரத்தப்பட்ட ஆதிக்குடிகளைக் குறித்து அவர் தம் முற்காலக் குறிப்புகளில் இழிவாய் எழுதியதுண்டு. அவர்களே அக்காட்டைப் பேணியோர் என்பதை அவர் நன்குணர்ந்திலர்.

ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணைகட்டலாகாதென்று பல்லாண்டு வாதாடியும், 1913இல் அணைக்கே சட்டம் பிறந்தது. மறுவருடம் டிசம்பர் 24ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் சிறுவராயிருந்தபோது யாத்திரைப் புறாக்கள் விஸ்கான்சின் வானத்தை மறைத்துக் கூட்டங்கூட்டமாய்ப் பறந்தன. அவற்றில் எஞ்சிய கடைசிப் பறவை அவர் மறைந்த அதே 1914ஆம் ஆண்டிற் சின்சினாட்டி மிருகசாலையில் இறந்தது. ஒரு மனிதர் ஆயுட்காலத்திற்குள் எவ்வளவு மறையக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ? வைக்கோலினுள் எழுந்த ஒலிக்குச் செவிசாய்த்த குழந்தையே பின்னாளில் கானகங்களுக்காகப் பேசியது. நம் வீட்டுச் சிறுவரும் வெளியே சென்று காணவும் கேட்கவும் நாம் இடந்தருவோமாக.