சொர்க்கத்தை மேப்புக்கு வெளியே வைத்த துறவி... யார் இந்த ஃப்ரா மவுரோ?

இன்று மொபைலில் மேப்பைத் திறந்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் காட்டுகிறது. ஆனால், 700 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவில் வரைந்த உலக வரைபடங்களே வேற மாதிரி. அதில் ரோம், பாரிஸ் நகரங்களோடு சேர்த்து ஏதேன் தோட்டமும் இருக்கும், நாய்த்தலை மனிதர்களின் நாடும் இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. அவர்தான் வெனிஸ் நகரத்து ஃப்ரா மவுரோ.

அந்தக் கால மேப்பில் என்னதான் இருக்கும்?

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் 1300-ம் ஆண்டுவாக்கில் வரைந்த உலக வரைபடம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் மேலே இருப்பது வடக்கு இல்லை, கிழக்கு. ஏதேன் தோட்டம் கிழக்கில் இருப்பதாக பைபிள் சொல்வதால், மேப்பின் உச்சியில் அதை ஒரு தீவாக வரைந்திருப்பார்கள். நட்ட நடுவில் ஜெருசலேம்.

அந்தத் தோட்டத்துக்கு 'பாரடைஸ்' என்று பெயர். மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறிக்கும் பழைய பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது இது. வடகிழக்கு மூலையில் 'கோகு, மாகோகு' கூட்டத்தார். மாவீரன் அலெக்சாண்டர் இவர்களை மலைகளுக்கு நடுவே அடைத்து வைத்தார், உலகம் அழியும் நேரத்தில் உடைத்துக்கொண்டு வருவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. குர்ஆனில் வரும் யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரும் இவர்கள்தான்.

யார் இந்த மவுரோ?

வெனிஸ் அருகே சான் மிகேலே என்ற குட்டித் தீவு. அங்கிருந்த கமல்தோலி சபை மடத்தில் 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் மவுரோ. 'ஃப்ரா' என்றால் சகோதரர். துறவிகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

மடத்தில் இருந்தபடியே 1450-ம் ஆண்டுவாக்கில் ஒரு பிரம்மாண்ட உலக வரைபடத்தை உருவாக்கினார் மவுரோ. மாலுமியும் வரைபடக் கலைஞருமான ஆந்த்ரேயா பியாங்கோ அவருக்கு உதவினார். சுமார் 2 மீட்டர் விட்டம், கிட்டத்தட்ட 3,000 குறிப்புகள். அதுவும் லத்தீனில் இல்லாமல், ஊர் மக்கள் பேசும் வெனிஸ் மொழியில். இந்த மேப்பில் தெற்குதான் மேலே இருக்கும்.

பார்த்தவர்கள் யார்?

வெனிஸ் அப்போது பெரிய வணிகத் துறைமுகம். மார்கோ போலோ எழுதியது, இந்தியா வரை போய் வந்த நிக்கோலோ தே கோன்டி சொன்னது என எல்லாவற்றையும் மவுரோ சேகரித்தார். எத்தியோப்பியத் துறவிகள் தங்கள் கையாலேயே அவருக்கு அவர்கள் நாட்டை வரைந்து காட்டினார்கள்.

ஒரு இடம் இருக்கிறது என்றால், அதைப் பார்த்தவர் யாராவது இருக்க வேண்டும். இதுதான் அவருடைய அளவுகோல். ஆப்பிரிக்காவில் விசித்திர மனிதர்கள் இருப்பதை உறுதி செய்ய ஒருவர்கூடக் கிடைக்கவில்லை, அதனால் அவர்களை மேப்பில் சேர்க்கவில்லை. அலெக்சாண்டர் அடைத்து வைத்த கதையையும் அவர் ஏற்கவில்லை. காஸ்பியன் மலைப்பக்கம் இவ்வளவு பேர் போய் வரும்போது, அப்படி ஒரு கூட்டம் இருந்தால் தெரியாமல் போகுமா என்பது அவர் வாதம். ஜெருசலேமும் நட்ட நடுவில் இல்லை. மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தால் அது நடுவில்தான் வரும் என்று ஒரு விளக்கம் மட்டும் எழுதி வைத்தார்.

தாமிரபரணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்தக் கால ஐரோப்பியர்களை மயக்கிய இன்னொரு பெயர் 'தப்ரபேன்'. வருஷத்துக்கு 2 கோடை, 2 குளிர்காலம் வரும் அதிசயத் தீவு என்று அதைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள். உண்மையில் இது இலங்கையின் பழைய பெயர். 'தாமிரபர்ணி' என்ற பெயரைத்தான் கிரேக்கர்கள் இப்படி உச்சரித்தார்கள் என்கிறார்கள் அறிஞர்கள். நெல்லையில் ஓடும் ஆற்றின் பெயரும் அதேதான்.

இந்த இடத்தில் மவுரோ சறுக்கினார். தே கோன்டியைப் பின்பற்றி, சுமத்ராவைத்தான் தப்ரபேன் என்று குறித்தார். இலங்கையை 'சைலம்' என்று தனியாக வரைந்தார். பயணிகளை நம்புவதிலும் ஆபத்து உண்டு!

சரி, சொர்க்கம் எங்கே?

ஒரு துறவிக்கு இதுதான் சிக்கலான கேள்வி. ஏதேன் தோட்டம் பூமியில் இருக்கிறது என்பது அன்று திருச்சபை அறிஞர்கள் பலரும் ஏற்ற கருத்து. அதை இல்லை என்று சொல்லவும் முடியாது, போய் வந்த சாட்சியும் கிடையாது. மவுரோ ஒரு வழி கண்டுபிடித்தார். உலக வட்டத்துக்கு வெளியே, கீழே இடது மூலையில் தனி வட்டமாக அதை வைத்துவிட்டார். உள்ளே ஆதாமும் ஏவாளும் கடவுளுடன் நிற்கும் காட்சியை ஓவியர் லியோனார்தோ பெல்லினி வரைந்தார். சொர்க்கத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. அதன் இடம் மட்டும் மாறியது.

அந்த மேப் என்ன ஆச்சு?

போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சோவும் மவுரோவிடம் ஒரு மேப் கேட்டிருந்தார். அது 1459-ல் அனுப்பப்பட்டது, பிறகு தொலைந்துபோனது. இந்தியப் பெருங்கடல் நாலாபக்கமும் நிலத்தால் மூடிய கடல் என்று பழங்கால அறிஞர் தாலமி சொன்னதை மவுரோ மறுத்திருந்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல் போக முடியும் என்று தன் மேப்பில் காட்டினார். 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கே வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் பார்க்க மவுரோ உயிரோடு இல்லை. 1460-களிலேயே அவர் காலம் முடிந்திருந்தது. அவரைப் போற்றி வெளியிட்ட பதக்கத்தில், ஈடு இணையற்ற உலகவியலாளர் என்று பொறித்தார்கள். வெனிஸுக்காக வரைந்த மேப் மட்டும் தப்பித்தது. அந்நகரின் மார்சியானா நூலகத்துக்குச் சொந்தமான அந்த மேப்பின் மூலையில், ஆதாமும் ஏவாளும் இன்றும் உலகத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.