உளநோயோடு போராடிய மாபெரும் நடிகை

கலைஞர்களின் புகழைக் கொண்டாடும் உலகம், அவர்கள் சுமக்கும் வேதனைகளைப் பெரும்பாலும் அறிய விரும்புவதில்லை. அதிலும் உடல் நோய்க்கு இரங்குகின்ற சமூகம், உளநோய் என்றதும் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றது. பிரித்தானிய நடிகை விவியன் லீயின் வாழ்க்கை இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது. அவ்வாழ்க்கைக்கு நமது நாட்டோடும் ஒரு துயரமான தொடர்பு உண்டு.

1913 நவம்பர் 5 ஆம் திகதி பிரித்தானிய இந்தியாவின் டார்ஜிலிங்கில் பிறந்த அவர், ஆறு வயதில் இங்கிலாந்தின் கன்னியர் மடப் பாடசாலையொன்றில் சேர்க்கப்பட்டார். 1935 இல் நடித்த மேடை நாடகமொன்று அவரை லண்டன் இரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1939 இல் வெளியான 'கோன் வித் த விண்ட்' திரைப்படம் உலகப் புகழையும் ஒஸ்கார் விருதையும் பெற்றுத் தந்தது. 1940 இல் புகழ்பெற்ற நடிகர் லோரன்ஸ் ஒலிவியரை அவர் மணந்து கொண்டார்.

ஆயினும், அப்புகழின் பின்னால் இரு நோய்கள் அவரை வாட்டின. ஒன்று காசநோய். மற்றையது, அளவற்ற உற்சாகத்திற்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறி இட்டுச் செல்லும் இருதுருவ உளநோய். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' நாடகத்தில், மனநிலை சிதைந்து போகும் பிளான்ச் என்ற பெண்ணாக 1949 முதல் லண்டன் மேடையில் 300 இற்கும் மேற்பட்ட தடவைகள் அவர் தோன்றினார். அதே பாத்திரத்தை 1951 இல் திரையில் ஏற்றமைக்காக இரண்டாவது ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

1953 இல் 'எலிபண்ட் வோக்' திரைப்படத்தில், தேயிலைத் தோட்டத் துரையொருவரின் மனைவியாக நடிப்பதற்கு அவர் இலங்கை வந்தார். படப்பிடிப்பின் போதே நோய் தலைதூக்கியது. ஹொலிவூட் சென்ற பின்னர் அவர் முற்றாக நிலைகுலைந்தார். அவரது இடத்திற்கு எலிசபெத் டெய்லர் அமர்த்தப்பட்டார். விவியன் லீ இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் அவர் தாங்க வேண்டியிருந்தது.

அத்துடன் அவரது கலைவாழ்வு முடிந்துவிட்டதென்று எண்ணியோர் ஏமாந்தனர். 1955 இல் ஸ்ட்ரட்ஃபோர்ட் மேடையில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களில் நடித்தார். 1957 இல், தாம் நடித்த சென் ஜேம்ஸ் நாடக அரங்கு இடிக்கப்படவிருந்ததைக் கண்டித்துப் பிரபுக்கள் சபையின் பார்வையாளர் கூடத்திலிருந்து குரலெழுப்பி வெளியேற்றப்பட்டார். அரங்கைக் காக்க முடியாது போயினும், அத்துணிவு இன்றும் நினைவுகூரப்படுகின்றது. 1960 இல் மணமுறிவைச் சந்தித்த அவர், 1963 இல் நியூயோர்க் மேடையில் இசை நாடகமொன்றில் நடித்து டோனி விருதையும் வென்றார்.

1967 ஜூலை 8 ஆம் திகதி, 53 ஆவது வயதில், காசநோய் அவரது உயிரைப் பறித்தது. அப்போதும் அவர் புதியதொரு நாடகத்திற்கான ஒத்திகையில் ஈடுபட்டிருந்தார். மத்திய லண்டனின் நாடக அரங்குகள் தமது வெளி விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து அஞ்சலி செலுத்தின.

அவர் காலத்தில் அரிதாயிருந்த மருந்துகளும் ஆலோசனைகளும் இன்று நமக்குக் கிட்டுகின்றன. ஆனால், வெட்கத்திற்கும் ஊராரின் பேச்சுக்கும் அஞ்சி நோயாளரை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. உளநோயும் ஏனைய நோய்களைப் போன்று ஒரு நோயே. உரிய காலத்தில் சிகிச்சையும் உற்றாரின் அரவணைப்பும் கிடைக்குமாயின், அதனால் பாதிக்கப்பட்டோரும் தமது ஆற்றலை உலகுக்கு வழங்க முடியும். இதனை நாம் ஒவ்வொருவரும் மனதிற் கொள்வது அவசியமாகும்.