மத்வேய் புரோன்ஸ்டைன்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு மத்வேய் புரோன்ஸ்டைனை மறக்க முடியவில்லை. 1906இல் உக்ரைனின் வின்னித்சியாவில் பிறந்து, லெனின்கிராட்டில் ஆய்வு செய்தவர். சிறுவர்களுக்கும் அறிவியல் நூல்கள் எழுதினார். எனக்கு அது பெரிய விஷயம்.

வெளியும் காலமும் எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் தொடர்ச்சியானவையா, மணல்போல் துணிக்கைகளா? இதற்கு இன்னும் விடையில்லை. மிகச் சிறிய இடத்தின் ஈர்ப்பைத் துல்லியமாக அளக்க, குவாண்டம் விதிப்படி திணிவு கூடிய சிறு பொருள் தேவை. திணிவு கூடினாலோ அதன் சொந்த ஈர்ப்பே அளவீட்டைக் கெடுத்துவிடும். ஆகவே நாம் பழகிய வெளி, காலக் கருத்துகளையே கைவிட நேரலாம் என்று 1936இலேயே எழுதினார்.

அடுத்த ஆண்டு கைதானார். மனைவி லிடியா சுக்கோவ்ஸ்காயாவிடம், பத்தாண்டுத் தண்டனை, கடிதத்துக்கு அனுமதியில்லை என்றார்கள். 1938 பெப்ரவரி 18 அன்று, 31 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மனைவி அதைப் பின்னரே அறிந்தார்.