மூக்கு ஜோசப்

மலருக்குக் கட்டுரை கேட்டதும், ஹாஸ்டலில் எனக்கிருந்த பட்டப்பெயர்தான் முதலில் ஞாபகம் வந்தது. கிளிமூக்கன்! 2010இல் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும், குரூப் போட்டோ என்றால் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். பேசாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று விவரம் தேடியபோது அறிமுகமானவர்தான் பெர்லின் டாக்டர் ஜாக் ஜோசப். ஊரார் அவருக்கு வைத்த பெயர் மூக்கு ஜோசப்.

1865இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் எலும்பு மருத்துவ மேதை ஜூலியஸ் உல்ஃபிடம் உதவியாளராக இருந்தார். 1896இல் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். விடைத்த காதுகளை மற்ற பையன்கள் கேலி செய்ததால், பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றானாம். ஜோசப் காதுகளைச் சரிசெய்தார். ஆபரேஷன் வெற்றி, ஆனால் வேலை போச்சு! நோயில்லாத உடம்பில் அழகுக்காகக் கத்தி வைப்பது அன்று மருத்துவருக்கு அழகாகக் கருதப்படவில்லை.

அவர் அசரவில்லை. 1898இல், பெரிய மூக்கால் வெளியே தலைகாட்டக் கூசிய ஒருவர் வந்தார். பிரேதத்தில் செய்து பார்த்த பிறகே அவருக்கு மூக்கைச் சிறிதாக்கினார் ஜோசப். மனவேதனையும் சிகிச்சைக்கு உரியதே என்பது அவர் கட்சி. பிறகு, வெளியே தழும்பு தெரியாதபடி மூக்கின் உள்வழியாகவே செய்தார். அமெரிக்காவில் ஜான் ரோ 1887லேயே அப்படிச் செய்திருந்தாலும், அதை முறைப்படுத்திப் பரப்பியவர் இவர்தான். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு முகம் கொடுத்தார். அவரது பெரிய நூல் 1931இல் நிறைவுற்றது. 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. மறு ஆண்டே ஜோசப் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். நம்ம பாஷையில் சொன்னால், மூக்கும் ஒரு கட்டடம்தான். தாங்கி நிற்கும் குருத்தெலும்பை அளவுக்கு மீறிச் செதுக்கினால் கூரை உள்வாங்கும், மூச்சு முட்டும். அதனால் டாக்டரிடம் அழகைப் பற்றி மட்டும் கேட்காதீங்க, மூச்சைப் பற்றியும் கேளுங்க. முகம் முழுதாக வளர்ந்து முடிந்திருக்க வேண்டும். சிகரெட்டை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படும்.

நான் பார்த்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: யாருக்காக மாற்றணும்? எனக்காக என்று சொல்ல வாய் வரவில்லை, திரும்பி வந்துட்டேன். தனக்காகச் செய்துகொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹாஸ்டல் தம்பிகளே, பட்டப்பெயர் வைக்கும் முன் அந்தக் காதுப் பையனை ஒருமுறை நினைச்சுக்குங்க.

நண்பர்களே, இந்தத் தடவை குரூப் போட்டோவில் முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்கள்!