தூதர் இல்லத்து அச்சுக்கூடம்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1788ஆம் ஆண்டில் தம் இறுதி உயிலை எழுதியபோது, தம் பெயரை அடுத்து அச்சுத் தொழிலர் என்றே முதலில் குறித்தார். பிரெஞ்சு அரசவையில் அமெரிக்கத் தூதராக வீற்றிருந்த பெருமை அதன் பின்னரே இடம்பெற்றது. மின்னலையும் பட்டத்தையும் கொண்டே அப்பெருமகனாரை அறிந்துள்ள நமக்கு இவ்வரிசை சற்று வியப்பளிக்கலாம். அவர்தம் வாழ்வை அணுகி நோக்குவோர்க்கு அதில் வியப்பில்லை.

1706இல் பாஸ்டன் நகரில் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தமையனாரோடு ஒத்துப்போகாமல் 1723இல் ஊரை விட்டு வெளியேறிப் பிலடெல்பியா சென்றடைந்தார். பின்னர் அங்கே சொந்த அச்சகம் நிறுவினார். செய்தித்தாள், பஞ்சாங்கம், காகிதப் பணம் ஆகிய மூன்றும் அவருக்குப் பொருளீட்டித் தந்தன. போலிப் பணம் அடிப்போரை முறியடிக்க, மரத்து இலையின் நரம்புகளை அச்சு வார்ப்பில் பதியவைத்துப் பணத்தாளில் ஏற்றிய அவரது நுட்பம் குறிப்பிடத்தக்கது. ஓர் இலையைப் போல் மற்றோர் இலை அமைவதில்லை அல்லவா! 1748இல் நாற்பத்திரண்டாம் வயதிலேயே தொழிலினின்று விலகி, அறிவியலிலும் பொதுவாழ்விலும் ஈடுபட்டார்.

விட்ட தொழில் அவரை விடவில்லை. 1776இன் இறுதியில், விடுதலைப் போர் மூண்டிருந்த வேளையில், பிரான்சின் உதவி நாடிப் பாரிசுக்கு வந்த பிராங்க்ளின், அடுத்த ஆண்டு முதல் 1785 வரை அந்நகரை அடுத்த பாஸி என்னும் சிற்றூரில், வாலந்தினுவா மாளிகையில் தங்கினார். எழுபது வயது கடந்த அத்தூதர் தம் இருப்பிடத்தில் ஓர் அச்சுக்கூடம் அமைத்தார்; எழுத்து வார்க்கும் பட்டறையும் வைத்தார். பேரர் பெஞ்சமின் பேச்சே இத்தொழிலைக் கற்றதும் பாஸியிலேதான்.

அங்கு அச்சானவை இருவகைப்பட்டன. ஒன்று அலுவல் சார்ந்தது: கடவுச்சீட்டுகள், கடன் பத்திரங்கள், அழைப்பிதழ்கள். 1779 ஜூலை 5இல் நடந்த விடுதலைநாள் விருந்தின் அழைப்பிதழ், நாள் குறிக்கப்பெற்ற தொடக்ககால அச்சுகளுள் ஒன்றாகும். மற்றொன்று நண்பர்களுக்கென அவர் எழுதிய நகைச்சுவைச் சிறு கட்டுரைகள். தம்மை வாட்டிய கீல்வாதத்தோடு தாமே உரையாடுவதாக 1780இல் எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்று. இவை விற்பனைக்கு அல்ல. மிகச் சில படிகளே எடுக்கப்பட்டன. அதனால் அவற்றுட் பல மறைந்துபோயின.

இங்கேதான் நூலடைவு அறிஞர்களின் உழைப்பு தொடங்குகிறது. நியூயார்க்கில் அரிய நூல்களை ஆராய்ந்த லூதர் லிவிங்ஸ்டன், பாஸி அச்சுக்கூடத்தைப் பற்றி எழுதிய நூலைக் குரோலியர் கழகம் 1914இல் வெளியிட்டது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த நகைச்சுவைக் கட்டுரைகளின் அச்சுகளும் அதில் இடம்பெற்றன. 1925இல் ராண்டால்ஃப் ஆடம்ஸ் கடவுச்சீட்டுகளை மட்டும் தனியே ஆய்ந்து நூல் தந்தார். வெறும் படிவங்களுக்கு இத்துணை உழைப்பா என வினவுவோர் உண்டு. ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதியை நோக்கிக் காலம் கணிக்கும் தமிழ் மாணவர் அவ்வாறு வினவார் என நம்புகிறோம். அச்சிட்டவர் பெயரில்லாத தாளில் எழுத்தின் வடிவும் தாளின் தன்மையும் அன்றி வேறு சான்று ஏது?

அத்தகைய சான்று ஓர் உறுத்தலான உண்மைக்கும் இட்டுச் செல்கிறது. 1782ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் நாளிட்ட, பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றின் இணைப்பு எனத் தோன்றும் தாள் ஒன்று உண்டு. இதழின் எண் அதில் இருக்கிறது. அதன் ஒரு பதிப்பில் நம்பத்தகுந்த விளம்பரங்களும் உள்ளன. பூர்வகுடியினர் அமெரிக்கக் குடியேறிகளையும் அவர்தம் மனைவி மக்களையும் கொன்று, தலைத்தோலை உரித்து, ஆங்கில அரசருக்கெனப் பொதி பொதியாக அனுப்பினர் என்பது அதன் செய்தி. பாஸ்டன் இதழ் எதிலும் அவ்வாறு ஓர் இணைப்பு வந்ததில்லை. பிராங்க்ளினே எழுதி, பாஸியில் அச்சிட்டு, ஐரோப்பாவில் பரப்பிய புனைவு அது. அமைதிப் பேச்சு தொடங்கியிருந்த வேளையில் ஆங்கிலேயரை நாணச் செய்து இழப்பீடு பெறுவது அவர் நோக்கம்.

அவருக்கு நாட்டுப்பற்று காரணமாயிருந்தது என்று சொல்லி நாம் இதனைக் கடந்துவிட இயலாது. அத்தாளில் இகழப்பட்ட மக்கள் பாரிசில் இல்லை. மறுப்புரைக்க அவர்களுக்கு அச்சகமும் இல்லை. போர் முடிந்த பின்னும் அமெரிக்க இதழ்கள் சில அப்புனைவை மெய்யென்றே கொண்டு மறுபதிப்புச் செய்தன. 1784இல் அதே பாஸியில் அதே அச்சுக்கூடத்திலிருந்து, பூர்வகுடியினரின் நாகரிகத்தையும் விருந்தோம்பலையும் சிறப்பித்து அவர் எழுதிய சிறுநூல் வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை நமக்கு அளித்தவர்கள் எழுத்துருக்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த அறிஞர்களே.

1785 ஜூலையில் பிராங்க்ளின் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். பாஸியின் எழுத்துகளும் கருவிகளும் கப்பலேறிப் பிலடெல்பியா சேர்ந்தன. பாட்டனாரின் துணையோடு பேரர் அங்கே அச்சகம் தொடங்கினார். 1790 ஏப்ரல் 17இல் பிராங்க்ளின் தமது எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேயே பேச்சே தமது செய்தித்தாளைத் தொடங்கினார்.